வீட்டு இணைப்பு எங்கே அறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு இணைய இணைப்பைப் பற்றியவை. கொழும்பில் ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குச் செப்புக் கம்பியிலும், அடுத்த வீட்டுக்குக் கண்ணாடி இழையிலும், அதற்கடுத்த வீட்டுக்குச் சிம் போட்ட ரவுட்டரிலும் இணையம் வருகிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் செய்து பார்த்துப் பலன் கண்ட வைத்தியம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எந்த வீடானாலும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே: இணைப்பு எந்த இடத்தில் அறுகிறது? அதை அறியாமல் பொருள் வாங்குவதும் பொதி மாற்றுவதும் வீண் செலவு என்பதால், பதில்கள் சற்று நீண்டாலும் அந்த இடத்தைத் தேடும் முறையையே விளக்கியிருக்கிறேன்.

கேள்வி: தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். கண்ணாடி இழை இணைப்பு. 100 மெகாபிட் பொதி. உயர்தரம் படிக்கும் மகளுக்கு மாலை ஏழு மணிக்கு இணையவழி வகுப்பு. காலையில் எல்லாம் நன்றாக இருக்கிறது. வகுப்பு தொடங்கியதும் ஆசிரியரின் முகம் உறைந்து விடுகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. நிறுவனத்திலிருந்து வந்தவர் அளந்து பார்த்து, இணைப்பில் பிழையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் பெரிய பொதிக்கு மாறலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள், அம்மா. ஒரு காணொளி வகுப்புக்கு 2 முதல் 4 மெகாபிட் வேகம் தாராளமாகப் போதும். உங்களிடம் இருப்பது 100. குறை வேகத்தின் அளவில் இருப்பதாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு வழி, ரவுட்டரிலிருந்து மகளின் மடிக்கணினி வரை இன்னொரு வழி என இணையம் இரண்டு துண்டு வழிகளைக் கடந்து வருகிறது. வந்தவர் அளந்தது முதலாவது துண்டை, அதுவும் பகலில். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் மகளுக்குத் தடை வருவது இரவில், பெரும்பாலும் இரண்டாவது துண்டில்.

இதை நீங்களே சோதிக்கலாம். வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், அதே அறையில், அதே மடிக்கணினியில் சோதிக்க வேண்டும் என்பது முக்கியம். விண்டோஸ் கணினியின் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டரை அழுத்தினால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் ‘பிங்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு 192.168.1.1 என்று எழுதி, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ஆங்கில ‘டி’ எழுத்தும் இட்டு என்டரைத் தட்டுங்கள். அந்த இலக்கம் ரவுட்டரின் முகவரி. சில ரவுட்டர்களில் 192.168.0.1 அல்லது 192.168.8.1 என்று இருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தால் தெரியும். பிறகு இரண்டாவது சாளரம் ஒன்றைத் திறந்து, அதில் 8.8.8.8 என்ற இலக்கத்துக்கு இதையே செய்யுங்கள். முதலாவது சாளரம் வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரைக் கூப்பிட்டுப் பதில் வர எடுத்த நேரத்தைச் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் காட்டும். இரண்டாவது வெளியுலகைக் கூப்பிட்டுக் காட்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். வீட்டுக்குள் நலமாக இருந்தால் முதலாவது சாளரத்தில் 1, 2, 5 என்று சிறு எண்கள் அமைதியாக ஓடும். அந்த எண்கள் திடீரென்று 200, 600 என்று பாய்ந்தாலோ, பதில் வரவில்லை என்ற வரி இடையிடையே வந்தாலோ, அறுவது உங்கள் வீட்டின் காற்றிலே. அதற்கு நிறுவனமும் பொறுப்பல்ல, பெரிய பொதியும் மருந்தல்ல. முதலாவது சாளரம் அமைதியாக இருக்க இரண்டாவது மட்டும் பாய்ந்தால், பழுது ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் முதலாவது நிலைமைதான் நான் அதிகம் கண்டது. சென்ற மாதம் ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் ஒரு வீட்டில் கைத்தொலைபேசியைத் திறந்து, தெரியும் வைஃபைப் பெயர்களை எண்ணினேன். முப்பத்து நான்கு இருந்தன. மேல் மாடி, கீழ் மாடி, எதிர்க் கட்டடம் என்று எல்லோருடைய அலையும் அந்த ஓர் அறைக்குள் வந்து கொண்டிருந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாமல் இயங்கக்கூடிய தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. முப்பத்து நான்கு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் இடம் தேட வேண்டும். ஒன்று பேசும்போது அதே தடத்தில் இருக்கும் மற்றவை வாய்மூடிக் காத்திருக்கும். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவதால் காத்திருப்பு இல்லை, மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டில் இருப்பதால் காத்திருப்பே மிச்சம்.

ஆகவே மகளின் மடிக்கணினியை 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். பல ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதால், எதில் இணைந்திருக்கிறோம் என்பதே தெரியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்துவிட்டு, பழைய பெயரை மடிக்கணினியில் ‘மறந்துவிடு’ என்று நீக்கிவிடுங்கள். 5 கிகாஹேர்ட்ஸில் தடங்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் அந்த அலை கொங்கிறீற்றுச் சுவரைத் துளைத்துப் போவதில் பலவீனமானது. உங்கள் ரவுட்டர் வாசற்கதவுக்குப் பக்கத்திலும் மகளின் அறை கடற்பக்கத்திலும் இருக்குமானால், நடுவில் இரண்டு மூன்று சுவர்களும், அநேகமாக ஆள் உயரக் கண்ணாடி பதித்த ஓர் அலுமாரியும் இருக்கக்கூடும். கண்ணாடியின் பின்னால் பூசியிருக்கும் உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ரவுட்டரை அலுமாரிக்குள்ளோ தொலைக்காட்சியின் பின்னாலோ ஒளித்து வைக்காமல், நடு வீட்டில், நெஞ்சளவு உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். கண்ணாடி இழைக் கம்பி அந்த இடம்வரை எட்டாவிட்டால் அதை நீங்களாக இழுக்க வேண்டாம். இழைப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதிலிருந்து மகளின் மேசைவரை ஒரு நெற்வேர்க் கேபிளைச் சுவரோரமாக ஓட்டிவிடுங்கள். படிக்கிற பிள்ளையின் மேசைக்குக் கேபிளே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. இருபது மீற்றர்க் கேபிளின் விலை ஒரு புதிய ரவுட்டரின் விலையோடு ஒப்பிடத் தக்கதல்ல.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வகுப்பு நேரத்தில் வீட்டில் வேறு யாராவது படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறார்களா? வேலை முடிந்து வீடு திரும்பியவரின் கைத்தொலைபேசி வைஃபையைக் கண்டதும் அன்று எடுத்த காணொளிகளைத் தானாகவே மேலே அனுப்பத் தொடங்கும். பல பொதிகளில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிட மிகக் குறைவு. அந்தச் சிறிய வழி நிரம்பிவிட்டால், மகளின் கணினி அனுப்பும் சிறு சிறு தகவல்கள்கூட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வேகச் சோதனையில் இறக்கும் வேகம் நிறையவே தெரிந்தாலும் வகுப்பு உறைந்து நிற்கும். அந்தத் தானியங்கி ஏற்றத்தை இரவு பதினொரு மணிக்குப் பின் ஓடும்படி மாற்றிவிடலாம். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையிலேயே இயங்குவதால், இரவுச் சாப்பாட்டைச் சூடாக்கும் அந்த இரண்டு நிமிடங்களில் மட்டும் தடை வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய வீடு, தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வருகிறது. மழை பெய்தால் இணைப்புப் போய்விடும், வெயில் வந்தால் திரும்பி வரும். முறைப்பாடு செய்தால் ஊழியர் வரும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று முறை இப்படி நடந்துவிட்டது. நான் பொய் சொல்வதாக அவர்கள் நினைக்கிறார்களோ என்று வெட்கமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, வெட்கப்பட ஒன்றுமில்லை. மழையோடு போய் வெயிலோடு வருவது செப்புக் கம்பிப் பழுதின் மிகத் தெளிவான அடையாளம். எங்கோ ஓர் இணைப்பில், கம்பத்தின் மேலுள்ள பெட்டியிலோ வீட்டுக் கூரையோரத்திலோ, கம்பியின் உறை வெடித்திருக்கிறது. தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் நேரோட்ட மின் எப்போதும் இருந்து கொண்டிருப்பதால், ஈரம் பட்டதும் மின் கசிந்து செம்பு அரிக்கப்பட்டுப் பச்சைக் களிம்பு ஏறுகிறது. கடற்காற்று வீசும் நகரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். குரல் அந்தக் கசிவைத் தாங்கிவிடும். அதே கம்பியில் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடும் இணையம் தாங்காது.

மழை பெய்து கொண்டிருக்கும்போது, இடி முழக்கம் இல்லாவிட்டால் மட்டும், கம்பியுடன் உள்ள தொலைபேசியை எடுத்து ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்துங்கள். டயல் ஒலி நின்று நிசப்தம் வரவேண்டும். அந்த நிசப்தத்தில் கரகரவென்று எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஒலி கேட்டால் கம்பியில் ஈரம் இருக்கிறது. அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். முறைப்பாடு செய்யும்போது ‘இணையம் இல்லை’ என்று மட்டும் சொல்லாமல், ‘மழையில் தொலைபேசியிலும் இரைச்சல் கேட்கிறது’ என்று சொல்லுங்கள். முதலாவதைச் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். இரண்டாவதைச் சொன்னால் கம்பியைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கும்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘எஸ்.என்.ஆர். மார்ஜின்’ என்றொரு எண் இருக்கும். இரைச்சலைவிடச் சமிக்ஞை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதன் அளவு அது, டெசிபெலில். வெயில் நாளில் ஒரு முறையும் மழை நாளில் ஒரு முறையும் அதைக் குறித்து வையுங்கள். 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு தள்ளாடத் தொடங்கும். வெயிலில் 14, மழையில் 4 என்று உங்கள் குறிப்பில் இருந்தால், வெயில் நாளில் வந்து நிற்கும் ஊழியருக்கும் அது சான்றாகும்.

முறைப்பாட்டுக்கு முன் வீட்டுக்குள் ஒரு சோதனை: மேல்மாடிக்கும் சமையலறைக்கும் பிரித்துக் கொண்டுபோன கிளைக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் முதற் பெட்டியில் ரவுட்டரை மட்டும் நேரடியாக மாட்டிப் பாருங்கள். மழையிலும் அப்போது இணைப்பு போகாமல் இருந்தால் பழுது உங்கள் கிளைக் கம்பியில். அதை ஒரு மின்வேலைக்காரரே மாற்றிவிடுவார். அப்போதும் போனால் பழுது வெளியே. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும் நாட்களில் ரவுட்டரின் மின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மின்னலின் அதிர்ச்சி அந்தக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். வானம் இருளும்போதே கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் கம்பியைத் தொட வேண்டாம்.

கேள்வி: மேல்மாடிக்கு வைஃபை எட்டாததால் பம்பலப்பிட்டியில் இன்னொரு ரவுட்டர் வாங்கிக் கேபிளால் இணைத்தேன். அன்றிலிருந்து கீழேயும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. சில நேரம் வருகிறது, சில நேரம் ‘இணைந்துள்ளது, ஆனால் இணையம் இல்லை’ என்கிறது. அச்சுப்பொறியும் காணாமல் போகிறது. வாங்கிய ரவுட்டர் பழுதா?
– தெஹிவளை வாசகர்

பதில்: பழுதில்லை. உங்கள் வீட்டில் இப்போது இரண்டு தலைவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்தைக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். நீங்கள் பழைய ரவுட்டரின் துளையிலிருந்து கேபிளை எடுத்துப் புதியதன் சாதாரணத் துளையில் செருகியிருப்பீர்கள். இரண்டும் இலக்கம் கொடுக்கின்றன. போதாததற்கு இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைத் தமக்கென்று வைத்திருக்கவும் கூடும். எந்தக் கருவி எந்த ரவுட்டரிடம் முதலில் இலக்கம் வாங்குகிறதோ அதன் பேச்சையே கேட்கும். புதிய ரவுட்டரிடம் வாங்கிய கருவி, வெளியே போக அதனிடமே வழி கேட்கும். அதற்கோ வெளிவழி தெரியாது. சில நேரம் வருவதும் சில நேரம் வராததும் இதனாலேயே.

செய்ய வேண்டியது: இரண்டுக்கும் நடுவிலுள்ள கேபிளைக் கழற்றுங்கள். மடிக்கணினியைப் புதிய ரவுட்டருடன் மட்டும் கேபிளால் இணைத்து, உலாவியில் அதன் முகவரியை எழுதி அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். ‘அக்சஸ் பொயின்ற்’ என்றொரு நிலை அதில் இருந்தால் அதைத் தெரிவு செய்தாலே போதும். மற்றதையெல்லாம் அது தானே பார்த்துக்கொள்ளும். அந்த நிலை இல்லாவிட்டால், முதலில் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, பிறகு அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். அந்த இலக்கம் பழைய ரவுட்டர் கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வரிசைக்குள் இருக்கக்கூடாது என்பதைப் பழையதன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் கீழே உள்ளதைப் போலவே வைத்து, தடத்தை மட்டும் வேறாக, கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 என்று வையுங்கள். பின்னர் மீண்டும் கேபிளை மாட்டுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் ‘வான்’ துளையில் அல்ல, சாதாரணத் துளையில்.

இனிமேல் எப்போதாவது ஒரு கணினியின் இலக்கம் 169.254 என்று தொடங்கக் கண்டால், அதற்கு இலக்கம் கொடுக்க யாருமே இல்லாததால் அது தனக்குத்தானே ஓர் இலக்கம் வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது கேபிளையும் டி.எச்.சி.பி. அமைப்பையும் பாருங்கள். மேல்மாடியில் வேகம் எப்போதும் 95 மெகாபிட்டைத் தாண்டாமல் நின்றால், அந்தக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்றாவது தொடர்பிழந்திருக்கக்கூடும். எட்டும் சரியாக இருந்தால்தான் 1,000 மெகாபிட் ஓடும். நான்கு மட்டும் சரியாக இருந்தால் 100 போதும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, உங்களிடம் சொல்லாமலே இறங்கிவிடும். யன்னல் இடுக்கில் நசுங்கிய இடத்தை முதலில் தேடுங்கள். வேகம் 95இலேயே நிற்க, ரவுட்டரின் துளையே 100 மெகாபிட் வகையாகவும் இருக்கலாம். அது பெட்டியில் எழுதியிருக்கும்.

கேள்வி: ரவுட்டரில் ‘லொஸ்’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. என்ன செய்யலாம்?
– மட்டக்குளி வாசகி

பதில்: வெளியிலிருந்து வரும் ஒளி உங்கள் பெட்டியை எட்டவில்லை என்பதே அதன் பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அந்த விளக்கு மாறாது. மெல்லிய இழைக் கம்பி மேசைக் காலுக்கடியில் நசுங்கியிருக்கிறதா, சிறு வளையமாக இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இறுக்கமாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும், தளர்த்திவிட்டால் விளக்கு அணைவதும் உண்டு. செருகியைக் கழற்றித் துணியால் துடைக்க வேண்டாம்: ஒளி செல்லும் உட்கரு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு அகலமே கொண்டது, அதன்மேல் ஒரு தூசி போதும். கழன்ற முனையைக் கண்ணருகே கொண்டு போய்ப் பார்க்கவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. உடனே முறைப்பாடு செய்யுங்கள், விளக்கின் பெயரையும் நிறத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி: மின்வெட்டுக்காக வாங்கிய சிறிய பற்றரிப் பெட்டியில் ரவுட்டரை இணைத்திருக்கிறோம். இப்போது மின்சாரம் இருக்கும்போதே ரவுட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது.
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: 2022ஆம் ஆண்டில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனபோது, நம் வீடுகள் பலவற்றுக்குள் இந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. அன்று வாங்கிய பெட்டிகளின் பற்றரி இன்று மூப்படைந்திருக்கும். முதலில் ஒரு மாலை முழுவதும் பெட்டியை விலக்கி, ரவுட்டரை அதனுடைய சொந்த அடைப்டரில் இயக்குங்கள். அணைந்து எழுவது நின்றுவிட்டால் குற்றவாளி பெட்டி.

பழைய பற்றரி ஒரு காரணம்; பொருந்தாத பெட்டி இன்னொரு காரணம். ரவுட்டரின் அடைப்டரில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் படியுங்கள். வோல்ட் எண் அடைப்டரிலும் பெட்டியிலும் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும்: 9 வோல்ட் ரவுட்டரை 12 வோல்ட் துளையில் மாட்டினால் அது எரிந்துபோகலாம். அம்பியர் எண் பெட்டியில் ரவுட்டரைவிடக் குறையக்கூடாது. 2 அம்பியர் கேட்கும் ரவுட்டரை 1 அம்பியர் பெட்டியில் மாட்டினால், யாரும் பயன்படுத்தாத பகலில் ஓடும். இரவில் பத்துக் கருவிகள் ஒன்றாக இணைந்து வேலை கூடும்போது மின் போதாமல் விழுந்து எழும். இதைப் பலர் ‘இரவில் இணையம் போகிறது’ என்றே எழுதுகிறார்கள். அணைந்து எழும் கணத்தில் ரவுட்டரின் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைகின்றனவா என்று பாருங்கள். அப்படி அணைந்தால் அது மின் தொடர்பான பழுது, இணைப்பில் தேட வேண்டியதில்லை. இழைப் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக உள்ள வீடுகளில் மின்வெட்டின்போது இரண்டுக்கும் பற்றரி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பழைய கணினியில் வங்கியின் இணையத்தளம் மட்டும் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கிறது. கைத்தொலைபேசியில் அதே வைஃபையில் திறக்கிறது.
– கொச்சிக்கடை வாசகர்

பதில்: கணினியின் திகதியைப் பாருங்கள். இணையத்தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி இன்னும் 2015 என்று நினைத்துக் கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அது மறுக்கும். திகதியைத் திருத்தியபின் அணைத்துப் போட்டதும் மீண்டும் பின்னோக்கிப் போனால், உள்ளே இருக்கும் 3 வோல்ட் நாணயப் பற்றரி தீர்ந்துவிட்டது; சீ.ஆர். 2032 என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அதை மீறி உள்ளே செல்லாதீர்கள், வங்கிக்கு அறிவியுங்கள்.

கேள்வி: இணைப்பு மந்தமானதால், ஒரு நண்பர் சொன்னபடி ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் அழுத்தினேன். இப்போது இணையமே இல்லை.
– மருதானை வாசகர்

பதில்: அந்தத் துளை ரவுட்டரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டு போய்விடும். வைஃபைப் பெயர், கடவுச்சொல் மட்டுமல்ல, நிறுவனம் உங்கள் இணைப்புக்கென்று இட்டுக் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்திருக்கும். எனக்கும் இது நேர்ந்தது. ஒரு சனிக்கிழமை இரவு அழுத்திவிட்டு, திங்கட்கிழமை காலைவரை வீட்டில் இணையமின்றி இருந்தோம். கேட்டுப் பெற வேண்டிய விவரம் எந்தத் தாளிலும் இல்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, ‘ரவுட்டர் ரீசெட் ஆகிவிட்டது, இணைப்பின் பயனர் பெயர் வேண்டும்’ என்று நேரடியாகச் சொல்லுங்கள். சில இணைப்புகளில் அவர்களே தொலைவிலிருந்து அமைப்பை மீண்டும் அனுப்பிவிடுவார்கள். மந்தமான இணைப்புக்கு ஊசி தேவையில்லை. மின் சுவிட்சை அணைத்து முப்பது செக்கன் கழித்துப் போடுவதே போதும். மாதப் பொதியின் அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அதற்கும் முன் பாருங்கள்.

கேள்வி: ஐந்து வாரமாக முறைப்பாடு செய்து களைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே முறையிட வழியுண்டா?
– கிருலப்பனை வாசகி

பதில்: உண்டு, அம்மா. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பாவனையாளர் முறைப்பாடுகளை ஏற்கிறது. 1900 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் நிறுவனத்திடம் முதலில் முறையிட்டதற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

வீட்டில் பயன்படுத்தாத ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போடுங்கள். திகதி, இணைப்புப் போன நேரம், திரும்பிய நேரம், அப்போது எந்த விளக்கு எந்த நிறத்தில் இருந்தது, மழையா வெயிலா, முறைப்பாட்டு இலக்கம், பேசியவர் சொன்ன பதில் என்று ஒரு வரியில் எழுதுங்கள். கேபிளால் இணைத்த கணினியில் எடுத்த வேகச் சோதனையின் படங்களையும் சேர்த்து வையுங்கள். வைஃபையில் எடுத்த சோதனையை ‘உங்கள் வீட்டுச் சுவர்’ என்று தள்ளிவிட இடமுண்டு, கேபிளில் எடுத்ததைத் தள்ள முடியாது. இரண்டு வாரக் குறிப்பு சேர்ந்ததும், அதன் பிரதியோடு முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். இணைப்பு இல்லாதிருந்த நாட்களுக்கான கட்டணக் கழிவையும் அதே கடிதத்திலேயே திகதிகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தின் பிரதியையும் கொப்பியின் பக்கங்களையும் இணைத்து ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.